கவுன்சில் நேர்சிங் ஹோமை மூடப் போகிறார்களாம்: குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இங்கிலாந்தில் கவுன்சில் (உள்ளூராட்சி சபை) தானே நடத்தும் நேர்சிங் ஹோம் ஒன்று பரிசோதனையில் தேறாமல் போகிறது. சில மாதம் கழித்து, "இந்த இல்லத்தை மூடும் முன்மொழிவு பற்றி உங்கள் கருத்தை அறிய விரும்புகிறோம்" என்று வீட்டுக்குக் கடிதம் வருகிறது. லண்டனில் ஈஸ்ட் ஹாம், ஹரோ, ரூட்டிங், குரொய்டன் பக்கம் இருக்கும் எங்கள் ஆட்களுக்கு இது இனிமேல் தூரத்துச் செய்தி இல்லை. 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து இங்கே வந்தவர்களுக்கும், பிள்ளைகள் கூப்பிட்டு வந்த அம்மா அப்பாமாருக்கும் இப்போது அந்த வயது.

நான் சட்டத்தரணி இல்லை. என் அம்மா இருந்த ஹோமும் இப்படித்தான் மூடப்பட்டது. அந்த ஒன்பது மாதத்தில் படித்ததையும், பிறகு வேறு குடும்பங்களோடு கூட்டங்களுக்குப் போய் அறிந்ததையும் எழுதுகிறேன். எல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் சட்டமும் பரிசோதிக்கும் அமைப்பும் வேறு.

நேர்சிங் ஹோம் என்றால் ஆஸ்பத்திரியா?

அம்மாவை நேர்சிங் ஹோமில் விட்டிருக்கிறோம் என்று யாழ்ப்பாணத்தில் இருக்கும் சித்திக்குச் சொன்னபோது "என்ன ஒப்பரேஷன்?" என்று கேட்டார். அவர் பிழையில்லை. ஊரிலும் சென்னையிலும் அந்தப் பெயர் சின்னத் தனியார் ஆஸ்பத்திரிக்குத்தான். இங்கே அது முதியவர்கள் நிரந்தரமாக வாழும் இடம். குளிக்க, உடுக்க, சாப்பிட உதவி மட்டும் கிடைக்கும் இல்லம் ஒரு வகை. அதோடு, பதிவுபெற்ற நேர்ஸ் ஒருவர் இரவு பகல் எந்நேரமும் கட்டிடத்துக்குள் இருக்கும் இல்லம் இன்னொரு வகை. இரண்டாவதுதான் நேர்சிங் ஹோம்.

இந்த வித்தியாசம் மூடும் நேரத்தில் முக்கியமாகிறது. "உங்கள் அப்பாவுக்குச் சாதாரண கெயார் ஹோமே போதும்" என்று யாராவது சொன்னால், நேர்ஸ் தேவையில்லை என்று எந்தப் பரிசோதனையில், எந்தத் திகதியில் முடிவானது என்று கேளுங்கள். இடம் கிடைக்கவில்லை என்பதற்காக நோய் குறைந்துவிடாது.

கவுன்சிலே நடத்தும் ஹோம்கள் இன்னும் இருக்கின்றனவா?

கொஞ்சம். 1970களின் கடைசிவரை முதியோர் இல்லப் படுக்கைகளில் பெரும்பகுதி கவுன்சில்களிடமும் அரச சுகாதார சேவையான என்.எச்.எஸ்ஸிடமும் இருந்தது. 1990இல் வந்த சட்டம் 1993இல் நடைமுறைக்கு வந்தபின், கவுன்சிலின் வேலை இல்லம் நடத்துவதிலிருந்து இல்லத்தில் இடம் வாங்கிக் கொடுப்பதாக மாறியது. இன்று பெரும்பான்மை தனியார் கையில்.

மிஞ்சியவற்றில் பல 60களிலும் 70களிலும் கட்டியவை. ஒடுங்கிய நடைபாதை, நாலு அறைக்கு ஒரு கழிப்பறை. 2002இல் வந்த தரவிதிகள் புதிதாகக் கட்டும் ஒற்றை அறை 12 சதுர மீட்டர் இருக்கவேண்டும் என்றன. பழைய கட்டிடங்களில் அது கிடையாது. ஒரு கட்டில், சக்கர நாற்காலி, ஆளைத் தூக்கும் ஹொய்ஸ்ட், அதை இயக்க இரண்டு பேர்: அம்மாவின் அறையில் இவ்வளவும் கொள்ள வேண்டுமென்றால் நான் வெளியே போய் நிற்கவேண்டும்.

"தேறவில்லை" என்று யார் தீர்மானிப்பது?

சி.கியூ.சி (கெயார் குவாலிட்டி கொமிஷன்). 2009 முதல் இங்கிலாந்தின் எல்லா கெயார் ஹோம்களையும் பதிவுசெய்து பரிசோதிக்கும் அமைப்பு. கவுன்சில் ஹோம், தனியார் ஹோம் என்ற பேதம் அதற்கு இல்லை. பாதுகாப்பு, பயன், அக்கறை, தேவைக்கேற்ற கவனிப்பு, நிர்வாகம் என்று ஐந்து விஷயம் பார்த்து நாலு தரத்தில் ஒன்றைக் கொடுக்கும்: மிகச் சிறப்பு, நல்லது, முன்னேற்றம் தேவை, போதாது. மொத்தத் தரம் "போதாது" என்று விழுந்தால் விசேட கண்காணிப்புக்குள் போகும். வழக்கமாக ஆறு மாதத்துக்குள் மறுபடி வந்து பார்ப்பார்கள். அப்போதும் திருந்தாவிட்டால் பதிவை ரத்துச் செய்யும் அளவுக்குப் போகலாம்.

அறிக்கை இணையத்தில் இருக்கும். தரத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடாமல் உள்ளே படியுங்கள். மருந்துப் பதிவில் இடைவெளி, பழைய பராமரிப்புத் திட்டம், மாதக்கணக்கில் மனேஜர் இல்லாமை, ஒவ்வொரு இரவும் ஏஜென்சி அனுப்பும் வேறு தற்காலிக நேர்ஸ் என்று திரும்பத் திரும்ப ஒரே கதைதான் வரும்.

எங்கள் ஹோமின் அறிக்கையைப் படிக்குமுன்பே எனக்கு ஒன்று தெரிந்திருந்தது. படுக்கைப்புண் வராமலிருக்கத் திருப்பிப் படுக்கவைத்த நேரத்தை எழுதும் தாள் அம்மாவின் கட்டில் காலடியில் தொங்கும். இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு, ஆறு என்று அச்சொட்டாக நிரப்பியிருந்தது. எல்லாம் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே மூச்சில் எழுதிய எழுத்து. அம்மாவின் குதிக்காலிலோ காசளவில் புண்.

அப்படியென்றால் மூடச்சொன்னது சி.கியூ.சியா?

பெரும்பாலும் இல்லை. பதிவை ரத்துச் செய்வது கடைசி ஆயுதம். அதற்கு முன்பே நடத்துபவர் கையை விட்டுவிடுவதுதான் வழக்கம். தரம் விழுந்தவுடன் புதிய ஆட்களைச் சேர்ப்பது நிற்கும். நாற்பது படுக்கையில் இருபத்திரண்டில்தான் ஆள் என்றால் தலைக்குச் செலவு ஏறும். ஏஜென்சி நேர்ஸ் சம்பளம், கூரை, லிப்ட், தீத்தடுப்புக் கதவு எல்லாம் ஒரே மேசைக்கு வரும். பிறகு "தரம்" என்ற சொல்லையும் "நிதி நிலைத்தன்மை" என்ற சொல்லையும் ஒரே பந்தியில் போட்டு அறிக்கை வரும்.

கவுன்சில்களின் காசு முட்டு கட்டுக்கதையும் இல்லை. வரவுக்குள் செலவை அடக்க முடியவில்லை என்று சட்டப்படி கைவிரிக்கும் 114ஆம் பிரிவு அறிவித்தலை 2020இல் குரொய்டனும் 2023இல் பர்மிங்ஹாமும் கொடுத்தன. ஆனால் எது முதற்காரணம் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. திருத்தவேலை மதிப்பீடு, ஒரு படுக்கைக்குக் கிழமைச் செலவு, கடந்த மூன்று வருடத்தில் ஏஜென்சிக்குக் கொடுத்த தொகை மூன்றையும் தகவல் அறியும் சட்டத்தின்கீழ் ஒரு மின்னஞ்சலில் கேட்கலாம். 20 வேலைநாளுக்குள் பதில் வரவேண்டும்.

ஒரு சங்கடமும் இதில் இருக்கிறது. முதியவர்கள் துன்புறுத்தப்படுகிறார்களா, கைவிடப்படுகிறார்களா என்று விசாரிக்கும் கடமை 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டத்தின் 42ஆம் பிரிவுப்படி கவுன்சிலுக்குத்தான். ஹோமை நடத்துவதும் அதுவே. பயிரை மேய்ந்த வேலி, வேலியிடமே விசாரணை. அதனால் உங்கள் கவலையைக் கவுன்சிலுக்கு எழுதும்போது அதே பிரதியைச் சி.கியூ.சிக்கும் அனுப்புங்கள்.

கடிதத்தில் "முன்மொழிவு" என்று இருக்கிறது. உண்மையில் முடிவெடுத்துவிட்டார்கள்தானே?

மனதுக்குள் எடுத்திருக்கலாம். சட்டப்படி எடுத்திருக்கக்கூடாது. 1985இல் எங்கள் வெம்பிளி இருக்கும் அதே பிரெண்ட் கவுன்சில், பள்ளிக்கூடங்களை மூடும் விஷயத்தில் பெற்றோரிடம் ஒழுங்காகக் கருத்துக் கேட்கவில்லை என்று பெற்றோர் நீதிமன்றம் போனார்கள். கன்னிங் வழக்கு என்பார்கள். அதில் பிறந்த நாலு நிபந்தனைகளை இன்றைக்கும் எல்லோரும் காட்டுகிறார்கள். திட்டம் உருவாகும் கட்டத்திலேயே கேட்கவேண்டும். யோசித்துப் பதில் சொல்லுமளவுக்குக் காரணங்களைத் தரவேண்டும். போதிய அவகாசம் தரவேண்டும். வந்த பதில்களை முடிவெடுப்பவர்கள் உண்மையாகவே எடைபோடவேண்டும். 2014இல் ஹரிங்கே கவுன்சிலுக்கு எதிரான வழக்கில் உச்ச நீதிமன்றம் இவற்றை ஏற்றதோடு, கைவிட்ட மாற்றுவழிகளையும் மக்களுக்குச் சொல்லாமல் விட்டது பிழை என்றது.

ஆகவே கடிதத்தில் "மூடுவது அல்லது மூடாமல் விடுவது" என்று இரண்டே தெரிவு இருந்தால் விடாதீர்கள். திருத்திக் கட்டுவது, வேறு நிர்வாகத்திடம் ஒப்படைப்பது, ஒரு மாடியை மட்டும் நடத்துவது எல்லாம் ஆராயப்பட்டதா? ஆராய்ந்து விட்டிருந்தால் ஏன்? கருத்துச் சொல்ல இவ்வளவு கிழமை தரவேண்டும் என்று சட்டத்தில் கணக்கு இல்லை. பன்னிரண்டு கிழமை கொடுப்பது பரவலான வழக்கம். கோடை விடுமுறைக்குள் ஆறு கிழமை என்று வந்தால் உடனே ஆட்சேபம் எழுதுங்கள்.

கூட்டத்தில் என்ன பேசுவது?

முதல் கூட்டம் ஹோமின் சாப்பாட்டறையில் நடக்கும். தட்டில் பிஸ்கட் இருக்கும். பின்வரிசையில் எங்கள் ஐயாமார் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார்கள். நான் போன ஒன்றில், மனைவியைப் பார்க்க நாளுக்கு இரண்டு பஸ் பிடித்து வரும் ஐயா ஒருவர் கடைசியில் எழும்பி, தமிழில், "என்னை எந்த பஸ்ஸில் ஏற்றப் போகிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கோ" என்றார். மொழிபெயர்த்துச் சொன்னபோது அதிகாரி எழுதிக்கொண்டார். அந்தக் கேள்வி கவுன்சில் அறிக்கையில் "பயண வசதி குறித்த கவலைகள்" என்று ஒரு வரியாக வந்தது. வந்ததே பெரிது. எழுத்தில் ஏறாத எதையும் முடிவெடுக்கும் கவுன்சில் அமைச்சரவையின் மேசை காணாது.

அதனால் பேசியதை அன்றிரவே மின்னஞ்சலாக அனுப்புங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். பேரப்பிள்ளையை அந்த வேலைக்கு இருத்தாதீர்கள். "மிகவும் உடன்படுகிறேன்" என்று தொடங்கும் கட்டம்போட்ட படிவத்தை நிரப்பினாலும் அதோடு சொந்தக் கடிதம் ஒன்றும் வையுங்கள்.

முடிவெடுப்பது கவுன்சிலின் அமைச்சரவை. இந்த அளவு முடிவென்றால் 28 நாளுக்கு முன் அறிவித்தல் போடவேண்டும். அறிக்கை கூட்டத்துக்கு ஐந்து முழு வேலைநாளுக்கு முன் பகிரங்கமாக வேண்டும். முடிவான பிறகும் மேற்பார்வைக் குழுவிலுள்ள கவுன்சிலர்கள் அதைத் திருப்பி விசாரணைக்கு அழைக்கலாம். அதற்கு அவகாசம் சில நாட்கள்தான். உங்கள் வட்டாரக் கவுன்சிலரிடம் கூட்டத்துக்கு முன்பே பேசி வைத்திருந்தால்தான் அது நடக்கும்.

"சாகும்வரை இங்கேயே இருக்கலாம்" என்று சேர்க்கும்போது சொன்னார்கள். அதற்கு மதிப்பில்லையா?

சில நேரம் உண்டு. 1971இல் வீதி விபத்தில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட கொக்லன் என்ற பெண்மணியையும் அவர் போன்ற வேறு ஏழு பேரையும் 1993இல் எக்ஸெட்டரில் மார்டன் ஹவுஸ் என்ற இடத்துக்கு என்.எச்.எஸ் அதிகார சபை மாற்றியது. விரும்பும்வரை அதுவே அவர்கள் வீடு என்று தெளிவாக வாக்குக் கொடுத்தது. ஐந்து வருடத்தில் மூட முடிவெடுத்தது. 1999இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாக்கை மீறியது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது.

எல்லோரும் இந்த வழக்கைக் கேள்விப்பட்டுக் கையில் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். நிதானம் வேண்டும். அங்கே வாக்கு ஒரு சிலருக்கு, குறிப்பாக, ஐயத்துக்கிடமின்றிக் கொடுக்கப்பட்டது. கையேட்டில் "உங்கள் இனிய இல்லம்" என்று அச்சடித்ததோ, மனேஜர் தோளில் தட்டி "பயப்படாதீங்க" என்றதோ அந்த அளவுக்கு நிற்காது. கவுன்சில் ஹோம் என்றால் மனித உரிமைச் சட்டத்தின் 8ஆம் உறுப்புரை, அதாவது குடும்ப வாழ்வுக்கும் வீட்டுக்குமான உரிமை, நேரடியாகப் பொருந்தும். அதுவும் எடைபோடவேண்டிய உரிமைதான்; மூடுவதை முற்றாகத் தடுக்கும் தாழ்ப்பாள் அல்ல. பெரும்பாலான ஹோம் வழக்குகளில் நீதிமன்றங்கள் மூடுவதைத் தடுக்கவில்லை.

நீதிமன்றம் போவதென்றால் தாமதம் கூடாது. முடிவு வந்ததிலிருந்து உடனடியாக, எப்படியும் மூன்று மாதத்துக்குள். வழக்கை அங்கே வசிப்பவரின் பெயரில் போடுவார்கள். அவருக்குச் சொத்துக் குறைவென்றால் சட்ட உதவி கிடைக்க வழி உண்டு.

இடம் மாற்றினால் வயதானவர்கள் இறந்துவிடுவார்கள் என்கிறார்களே?

என்னிடம் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. பயம் நியாயமானது. கிழமைக்கணக்கில் அறிவித்தல் கொடுத்து, கறுப்புக் குப்பைப் பைகளில் உடுப்பைக் கட்டி, டாக்சியில் ஏற்றிவிடும் மாற்றம் ஆளை உடைத்துவிடும். ஆனால் "மாற்றினாலே சாவு" என்பது உறுதியான விதி அல்ல. பர்மிங்ஹாம் நகரக் கவுன்சில் தன் பழைய முதியோர் இல்லங்களை வரிசையாக மூடியபோது பர்மிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கிருந்தவர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். ஆறுதலாக, ஒவ்வொருவரையும் தனித்தனியாக மதிப்பிட்டு, தெரிந்த முகங்களைக் கூட அனுப்பி மாற்றியபோது, ஒரு வருடத்துக்குப் பிறகும் பலரின் நிலை மோசமாகவில்லை, சிலருடையது மேம்பட்டும் இருந்தது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் என் சக்தியைப் பிரித்துச் செலவழித்தேன். மூடாதே என்று கையெழுத்து வாங்கினேன். அதைவிட இரண்டு மடங்கு நேரத்தை எப்படி மாற்றுவது என்று சண்டைபோடச் செலவிட்டேன். கட்டிடத்தைக் காப்பாற்றுவதிலேயே எல்லோரும் நின்றுவிட்டு, முடிவு வந்த அன்றைக்கு வெறுங்கையோடு நிற்பதை நிறையக் கண்டிருக்கிறேன்.

எதற்குச் சண்டை? முதலில், சினேகிதிகளைச் சேர்த்து அனுப்பச்சொல்லி. அம்மாவும் அடுத்த அறையில் இருந்த ஜமெய்க்கா அம்மா ஒருவரும் ஒரு பாஷையும் பொதுவாக இல்லாமல் நாலு வருடம் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்தார்கள். அது எந்தக் கோப்பிலும் இல்லை. இரண்டாவது, பழைய ஹோமில் அம்மாவை நன்றாகத் தெரிந்த ஒரு பராமரிப்பாளர் முதல் மூன்று நாள் புது இடத்துக்கு வரவேண்டும் என்று. கவுன்சில் ஊழியர்தானே, கவுன்சிலால் அனுப்ப முடியும். மூன்றாவது, வெள்ளிக்கிழமை மாற்றக்கூடாது. சனி ஞாயிறில் புது இடத்தில் ஏஜென்சி ஆட்கள் இருப்பார்கள், டொக்டரைப் பிடிக்க முடியாது, விடுபட்ட மருந்து திங்கள்வரை விடுபட்டே கிடக்கும்.

நாலாவது மொழி. மறதி நோய் வந்தால் பலருக்குப் பிறகு படித்த மொழி முதலில் போகும். முப்பது வருடம் இங்கே கடை நடத்திய மனிதர் ஒரு நாள் ஆங்கிலத்தை முழுதாக விட்டுவிட்டு ஊர்த் தமிழில் மட்டும் கேட்பார். யாருக்கும் விளங்காது. கோபப்படுவார். "மூர்க்கமாக நடந்துகொண்டார்" என்று கோப்பில் ஏறும். ஆளை அடக்கும் மாத்திரை வரும். உண்மையில் அவர் கேட்டது கழிப்பறை. நான் ஒரு தாளில் பதினைந்து சொல் எழுதி, ஆங்கில எழுத்தில் உச்சரிப்பும் பொருளும் போட்டு, பிளாஸ்ரிக் உறையில் வைத்துக் கட்டில் தலைமாட்டில் ஒட்டினேன். தண்ணி. நோகுது. குளிருது. ஒண்டுக்கு. போதும். பயமாக் கிடக்கு. பிலிப்பைன்ஸ் நேர்ஸ் ஒருவர் இரண்டாம் நாளே "அம்மா, நோகுதா?" என்று கேட்டார். அம்மா அவரைக் கடைசிவரை தங்கச்சி என்றுதான் கூப்பிட்டார்.

புது இடத்தை யார் தேடுவது? காசு யார் கட்டுவது?

கவுன்சில் காசு கொடுக்கும் ஆள் என்றால், புதிதாகத் தேவை மதிப்பீடு செய்து இடம் ஒழுங்குபடுத்துவது கவுன்சிலின் கடமை. விரும்பிய ஹோமைத் தெரிவுசெய்யும் உரிமை உங்களுக்கு உண்டு: தேவைக்குப் பொருத்தமாகவும், இடம் உள்ளதாகவும், ஒதுக்கிய தொகைக்குள்ளும் இருக்கவேண்டும். ஒதுக்கிய தொகைக்குள் குறைந்தது ஒரு பொருத்தமான ஹோமையாவது அவர்கள் காட்டவேண்டும். காட்ட முடியாவிட்டால் தொகையைக் கூட்டவேண்டும். "மேலதிகத்தைப் பிள்ளைகள் கட்டுங்கள்" என்று உடனே கேட்பார்கள். மலிவான இடம் இல்லாத குறையைக் குடும்பத்தின் தலையில் கட்டக்கூடாது என்று அரசின் வழிகாட்டல் சொல்கிறது. கையெழுத்துப் போடுமுன் இதை நினைவுபடுத்துங்கள். எங்கள் ஆட்கள் மரியாதைக்குப் பயந்து கையெழுத்துப் போட்டுவிட்டு வருடக்கணக்காகக் கட்டுகிறார்கள்.

சேமிப்பும் சொத்தும் 23,250 பவுண்ட்ஸுக்கு மேல் இருந்தால் முழுச் செலவும் சொந்தக் காசு. 14,250க்குக் கீழே என்றால் சேமிப்பைத் தொடமாட்டார்கள், ஓய்வூதியம் போன்ற வருமானத்திலிருந்து பங்கு எடுப்பார்கள். இந்த எல்லைகள் 2010 முதல் அசையாமல் நிற்கின்றன. வீட்டில் கணவனோ மனைவியோ, 60 வயது கடந்த உறவினரோ வாழ்ந்தால் வீட்டைக் கணக்கில் எடுக்கக்கூடாது. சொந்தக் காசில் இருப்பவர்களையும் கவுன்சில் வெறுமனே வீதியில் விடமுடியாது, தன் ஹோமை மூடுவது அதுதானே.

நேர்சிங் செலவுக்கென என்.எச்.எஸ் தன் பங்கை நேரே ஹோமுக்குக் கட்டும். 2025-26இல் கிழமைக்கு 254.06 பவுண்ட்ஸ். நோயே முதன்மைத் தேவை என்றாகிவிட்டால் முழுச் செலவையும் என்.எச்.எஸ் ஏற்கும் திட்டம் ஒன்றும் இருக்கிறது. அதற்கான மதிப்பீட்டை இந்தக் குழப்பத்துக்குள் கேட்க மறந்துவிடாதீர்கள். வேறு கவுன்சில் எல்லைக்குள் போனாலும் இப்போது காசு கொடுக்கும் கவுன்சிலின் பொறுப்பு மாறாது.

அம்மாவுக்கு நினைவு மங்கிவிட்டது. மூத்த மகன் நான். நான் முடிவெடுக்கலாம்தானே?

எங்கள் வழக்கத்தில் ஆம். இந்த நாட்டுச் சட்டத்தில் அப்படியில்லை. நெருங்கிய உறவு என்பதால் மட்டும் யாருக்கும் அதிகாரம் வராது. உடல்நலத்துக்கும் நலன்புரிக்குமான நிரந்தர அதிகாரப் பத்திரம் அம்மா தெளிவாக இருந்தபோது எழுதிப் பதிவுசெய்திருந்தால் வரும். இல்லையென்றால் 2005ஆம் ஆண்டு மனத்திறன் சட்டப்படி, அவருக்கு எது நன்மை என்று கூட்டம் வைத்து முடிவெடுப்பார்கள். அந்தக் கூட்டத்தில் குடும்பத்தைக் கேட்டே ஆகவேண்டும். ஆளே இல்லாதவருக்குச் சுயாதீனமான பிரதிநிதி ஒருவரை நியமிக்கவேண்டும்.

கதவு பூட்டிய பகுதியில் வைத்துப் பராமரிக்க வாங்கிய அனுமதி அந்த ஹோமுக்கு மட்டும் உரியது. புது ஹோம் புதிதாக எடுக்கவேண்டும்.

சைவச் சாப்பாடு, கோயில்?

பராமரிப்புத் திட்டத்தில் எழுதுவியுங்கள். "மரக்கறி" என்று மட்டும் எழுதினால் முட்டையும் மீனும் வரும். விபூதி, வெள்ளிக்கிழமை விரதம், பெண் பராமரிப்பாளர்தான் குளிப்பாட்டவேண்டும் என்பதையும் தெளிவாக. "எங்களிடம் தமிழ் ஊழியர் இருக்கிறார்" என்று மனேஜர் சொன்னால் எந்த நாள், எந்த ஷிப்ட் என்று கேளுங்கள். சமையலறையில் வேலைசெய்யும் ஒருவராக இருக்கும், செவ்வாய்க்கிழமை மட்டும்.

மகள் அங்கே பராமரிப்பாளர். வேலையும் விசாவும் என்னாகும்?

20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை இழந்தால் 30 நாள், 100 அல்லது மேல் என்றால் 45 நாள் முன்னதாக ஊழியர் தரப்போடு கலந்தாலோசிக்கவேண்டும். கவுன்சில் என்பதால் வேறு பிரிவில் இடம் கேட்கலாம், தொழிற்சங்கத்தில் இல்லாவிட்டால் இப்போதே சேரட்டும். ஸ்பொன்சர் விசா என்றால், ஸ்பொன்சர் ரத்தானபின் வேறு ஸ்பொன்சரைத் தேட வழக்கமாக 60 நாள்தான். வெளிநாட்டிலிருந்து புதிதாகப் பராமரிப்பாளர் எடுப்பது 2025 ஜூலை 22உடன் நின்றுவிட்டது. ஏற்கெனவே இங்கே அந்த விசாவில் வேலைசெய்பவர் வேறு ஸ்பொன்சரிடம் மாற வழி இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு ஸ்பொன்சர் தேடித் தருகிறேன் என்பவரிடம் போகவேண்டாம்.

இவ்வளவு மோசமான ஹோம் என்றால் மூடட்டுமே? ஏன் எதிர்க்கவேண்டும்?

இதைக் கேட்பவர்கள் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள், மற்றக் குடும்பங்கள் துரோகி என்பார்களோ என்று. நானும் நினைத்ததுதான். அம்மாவின் குதிக்காலைப் பார்த்த இரவு இந்த இடத்துக்குப் பூட்டுப் போட்டால் நல்லது என்று நினைத்தேன். அடுத்த நாள் பின்னேரம் அதே இடத்தில் இருபது வருடம் வேலைசெய்யும் கானா நாட்டுப் பெண்மணி அம்மாவுக்குத் தலைவாரிப் பின்னிக்கொண்டிருந்தார். இரண்டும் ஒரே ஹோம்தான்.

என் அபிப்பிராயம்: சில ஹோம்களை மூடத்தான் வேண்டும். கட்டிடமே ஆளுக்கு எதிராக நிற்கும் இடத்தில் நல்ல ஊழியரும் தோற்றுப்போவார். ஆனால் தானே வருடக்கணக்கில் மனேஜர் போடாமல், பூச்சு அடிக்காமல் விட்டுவிட்டு, விழுந்த தரத்தைக் காட்டி மூடுகிறேன் என்றால், அந்த வருடங்களுக்கு யார் பொறுப்பு என்று பகிரங்கக் கூட்டத்தில் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

நடந்த கவனிப்புக் குறைக்கு எங்கே முறைப்பாடு செய்வது?

முதலில் கவுன்சிலிடம், எழுத்தில். பதில் திருப்தியில்லை என்றால் உள்ளூராட்சி மற்றும் சமூகப் பராமரிப்புக் குறைதீர்ப்பாளரிடம், செலவில்லாமல். பிரச்சினை தெரியவந்து 12 மாதத்துக்குள். சி.கியூ.சி தனிப்பட்ட முறைப்பாட்டைத் தீர்த்து வைக்காது, ஆனால் அடுத்த பரிசோதனைக்கு உங்கள் கடிதம் பயன்படும். ஹோம் மூடிவிட்டது என்பதால் முறைப்பாடு செல்லாது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

கடைசி நாள் எதையெல்லாம் கவனிக்கவேண்டும்?

மருந்துகளும் மருந்துப் பதிவின் பிரதியும் ஆளோடு ஒரே வாகனத்தில் போகவேண்டும். பற்செட், காதுக்கருவி, மூக்குக்கண்ணாடி மூன்றையும் உங்கள் கைப்பையில் வையுங்கள். பெட்டியில் போட்டால் தொலையும். இதயம் நின்றால் மீட்கவேண்டாம் என்ற படிவம் இருந்தால் மூலப்பிரதி. ஹோம் வைத்திருந்த கைச்செலவுக் காசின் கணக்கு. காயம், புண் எதுவும் இருந்தால் வெளிக்கிடுமுன் படம் எடுத்து, இரு பக்க நேர்ஸ்மாரும் உடம்புப் படத்தில் குறித்துக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் பழைய ஹோம் புதியதையும் புதியது பழையதையும் காட்டும்.

மற்றவர்கள் எங்கே போகிறார்கள் என்ற விலாசத்தையும் அவர்கள் பிள்ளைகளின் தொலைபேசி எண்ணையும் முதல் கூட்டத்திலேயே வாங்கி வையுங்கள். பிறகு கேட்டால் தனிநபர் தகவல் என்று கவுன்சில் தராது. அலுமாரியின் மேல்தட்டையும் ஒருக்கால் பாருங்கள். அம்மாவின் அலுமாரியில் ஜமெய்க்கா அம்மாவின் வாசிக்கும் கண்ணாடி இருந்தது. அவர் இரண்டு நாள் முன்னரே போயிருந்தார். எந்த ஹோமுக்கு என்று அலுவலகத்தில் இருந்த ஏஜென்சிப் பிள்ளைக்குத் தெரியவில்லை.